வில்லில் இறங்கும் பேய்

நெய்யாற்றின்கரையிலிருந்து கடலைப் பார்க்கப் போகும் வழியில் கோட்டுகால் வரும். தென்னைக்கும் மரச்சீனிக்கும் நடுவே மறைந்து நிற்கும் வீடுகள். இரவு ஆள்நடமாட்டம் ஓய்ந்தபின் காது கொடுத்தால் கடல் இரைவது கேட்கும். அந்த ஊரில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் ஒரு மழை இரவு. கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பொழுதுபோக்க ஒரு கைப்பேசியை நடுவில் சாய்த்து வைத்து, நாலைந்து பேர் தலையோடு தலை முட்ட, மிஷ்கினின் 'பிசாசு' படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படத்தில் பேய் வரப்போகும் கட்டம். உள்ளே குழந்தை சிணுங்கியது. நண்பர் சட்டென்று சத்தத்தை அணைத்துவிட்டார். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே இருட்டு அறை, அதே முகம், அதே கூந்தல். ஆனால் ஒரு நொடி முன்பு வரை இறுகியிருந்த எங்கள் தோள்கள் தளர்ந்துவிட்டன. ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் கட்டன்சாயா கேட்டார்.

அப்போதுதான் உள்ளறைக் கட்டிலிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. கண்பார்வை மங்கிப்போன ஆச்சி. அதுவரை அவரும் எங்களோடு சேர்ந்து படம் பார்த்திருக்கிறார், காதால். "ஏன் மக்ளே நிறுத்திட்ட? சத்தமில்லாம பேயி எப்பிடி வரும்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரை. பேய் எப்படி வருகிறது என்று கேட்டால், சத்தமாகத்தான் வருகிறது என்று அறிவியலும் சொல்கிறது. எந்தச் சத்தமாக, எதனால் என்று பார்க்கப் பார்க்க வியப்பு கூடிக்கொண்டே போகிறது.

'பிசாசு' இதற்கு மிகப் பொருத்தமான படம். 2014 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. பாலா தயாரித்தார், அரோல் கொரேலி இசையமைத்தார், நாகா நாயகனாக நடித்தார். பாழடைந்த பங்களாவும் ஜமீன் அரண்மனையும் இல்லாத பேய்ப்படம் அது. கதை நடப்பது சென்னையின் சாதாரண அடுக்குமாடி வீட்டில். நாயகன் சினிமாப் பாட்டுகளுக்கு வாசிக்கும் வயலின் கலைஞன். விபத்தில் சாகும் ஒரு பெண் கடைசி மூச்சில் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு அவன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். இதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் பாட்டே வைக்காத மிஷ்கின், இளையராஜாவின் பெயருக்கு மேல் 'பின்னணி இசை' என்று போடாமல் 'முன்னணி இசை' என்று போட்டவர். திரைக்குப் பின்னால் நிற்பதாக நாம் நினைக்கும் ஒலிதான் உண்மையில் முன்னால் நடக்கிறது என்று தெரிந்தவருடைய சொல் அது.

காது எவ்வளவு முன்னால் நடக்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டதும் நாம் திடுக்கிடுகிறோமே, அந்தச் செய்தி மூளையின் மேல்மாடிக்குப் போய் யோசித்துவிட்டு வருவதில்லை. காதிலிருந்து கிளம்பும் நரம்புத் துடிப்பு மூளைத்தண்டில் சில நரம்பணுக்களை மட்டும் தாண்டி நேராகத் தசைகளுக்கு இறங்கிவிடுகிறது. சத்தம் எழுந்து 30 முதல் 40 மில்லிநொடிக்குள் இமைத் தசை சுருங்கத் தொடங்கிவிடும். சினிமா நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகிறது. ஒரு பிரேம் திரையில் நிற்பது சுமார் 42 மில்லிநொடி. அதாவது ஒரு பிரேம் மாறி அடுத்த பிரேம் வருவதற்குள் உடல் பயப்படத் தொடங்கிவிட்டது. என்ன பார்த்தோம் என்பது அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது.

ஆனால் 'டமார்' என்று கதவைச் சாத்தித் திடுக்கிட வைப்பது எளிய வித்தை. திண்ணையில் எங்கள் தோள்களை இறுக்கி வைத்திருந்தது வேறொன்று. ஒன்றுமே நடக்காதபோது, ஏதோ நடக்கப்போகிறது என்று அடிவயிற்றில் ஊறும் பயம் அது. அதை எழுப்பும் ஒலிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அதைத் தேடிப் போனவர்களில் ஒருவர், சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விலங்கியலாளர்.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் புளூம்ஸ்டீன் தரை அணில் இனமான மார்மட்டுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்பவர். வலையில் பிடிபட்ட மார்மட் குட்டி சில நேரம் அலறும். சாதாரணக் கீச்சொலி ஒழுங்கான அலைகளால் ஆனது. அலறலோ அந்த ஒழுங்கு உடைந்தது. குரல்நாண்களை அவை தாங்கும் அளவுக்கு மேல் காற்று தள்ளும்போது அவை சீராக அதிராமல் தறிகெட்டு அதிர்கின்றன. ஒலியில் கரகரப்பு ஏறுகிறது. சுருதி திடீரென்று தாவுகிறது. மனிதக் குழந்தை வீறிடும்போதும் இதுவேதான் நடக்கிறது. சினிமா இசையமைப்பாளர்களும் தங்களை அறியாமல் இந்த உடைந்த ஒலியைத்தான் பயன்படுத்துகிறார்களா என்று அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. அவரும் உடன் ஆய்வாளர்களும் 102 படங்களின் முக்கியக் காட்சிகளில் ஒலியை அலசி 2010-இல் கட்டுரை வெளியிட்டார்கள். திகில் படங்களில் கரகரத்த அலறல் போன்ற ஒலிகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தன. காட்டில் குட்டியைக் காக்கத் தாய்க்கு உதவிய அதே ஒலிக்குறிதான் தியேட்டரில் நம் மயிர்க்கால்களை எழுப்புகிறது.

அந்தக் கரகரப்பை எண்ணால் சொன்னவர்கள் லூக் அர்னாலும் டேவிட் போப்பலும். 2015-இல் வந்த அவர்களுடைய ஆய்வு மனித அலறலை எடுத்துக்கொண்டது. நாம் பேசும்போது ஒலியின் பலம் நொடிக்கு நாலைந்து முறைதான் ஏறி இறங்குகிறது. ஏறக்குறைய ஒவ்வோர் அசைக்கும் ஒரு முறை. அலறலில் அது நொடிக்கு 30 முதல் 150 முறை வரை துடிக்கிறது. தனித்தனியாக எண்ண முடியாத வேகம். சேர்ந்து ஒரே சுரமாக உருகிவிடவும் முடியாத வேகம். காதில் அது சொரசொரப்பாக விழுகிறது. இயல்பான பேச்சு இந்த இடத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அபாயத்துக்கென்றே காலியாக விடப்பட்ட இடம் போலிருக்கிறது. மனிதர் செய்த அபாயச் சங்கொலிகளும் இதே இடத்தில்தான் விழுகின்றன. சொரசொரப்பு கூடக் கூட, பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி கூடுதலாகக் கிளர்கிறது என்பதையும் அவர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள்.

இனி 'பிசாசு' நாயகனின் வயலினுக்கு வருவோம். திகில் படம் என்றதும் இசையமைப்பாளரின் கை ஏன் வயலினைத் தேடுகிறது? அந்த வாத்தியத்தின் தொண்டையும் நம் தொண்டையைப் போலவே ஒழுங்கின் விளிம்பில் வேலை செய்வதுதான் காரணம். வயலின் வில்லில் குதிரை முடி கட்டியிருக்கும். அதில் ரோசின் என்ற பிசினைத் தேய்ப்பார்கள். வில்லை இழுக்கும்போது முடி தந்தியைப் பற்றி இழுத்துச் செல்கிறது; ஓர் அளவுக்கு மேல் பிடி நழுவித் தந்தி துள்ளித் திரும்புகிறது; மறுபடி பற்றுகிறது. 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று வாசித்தால் ஒவ்வொரு நொடியும் 440 தடவை இந்தப் பற்றலும் நழுவலும் நடக்கின்றன. வில்லை மிக மெல்லத் தொட்டால் ஒலி சீழ்க்கையாக மேலே மிதக்கும். மிக அழுத்தினால் நேரத்துக்கு நழுவ முடியாமல் தந்தி தாறுமாறாகத் துடித்துக் கரகரக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய சந்துதான் இனிமை. தந்தியைத் தாங்கும் பாலத்தை வில் நெருங்க நெருங்க அந்தச் சந்து இன்னும் ஒடுங்குகிறது. வயலின் கற்கும் பிள்ளைகள் முதல் ஆண்டு முழுவதும் அந்தச் சந்தைக் கண்டுபிடிக்கத்தான் பாடுபடுகிறார்கள். திகில் பட வயலின்காரர் அதைவிட்டு வேண்டுமென்றே வெளியே வருகிறார்.

இந்த வாத்தியம் நம்மிடம் வேரூன்றிய கதையில் திருவிதாங்கூருக்குப் பெரிய பங்கு உண்டு. தஞ்சை நால்வர் எனப்பட்ட சகோதரர்களில் இளையவரான வடிவேலு, சுவாதித் திருநாளின் அரசவையில் வயலின் வாசித்தார். மன்னர் அவருக்கு 1834-இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். கோட்டுகாலிலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். இன்று கச்சேரி மேடையில் பாடகரின் நிழலாக ஒட்டிக்கொண்டு வரும் வயலின், அன்று அந்த அரண்மனைகளில் புதுக்குரலாக ஒலித்திருக்கும்.

வயலினுக்குள் பேய் புகுந்த கதையை இயற்பியலாகச் சொன்னவரும் ஒரு தமிழர்தான். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். அவருடைய தந்தை சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர். ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெறுவதற்கு முன், ராமன் பல ஆண்டுகள் மூழ்கிக் கிடந்தது தந்தியிலும் வில்லிலும்தான். கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்த காலத்தில், வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் செலவிட்டார். வில்லால் மீட்டிய தந்தி எப்படி அதிர்கிறது என்பது பற்றிய அவருடைய பெரிய ஆய்வேடு 1918-இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1916-இல், அவர் எழுதிய ஒரு கட்டுரையின் பொருள் 'ஓநாய் சுரம்'.

செல்லோ வாசிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எல்லாச் சுரமும் இனிமையாக வந்துகொண்டிருக்கும். குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் வாத்தியம் உறுமும்; ஒலி திக்கித் திக்கித் துடிக்கும். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் வரும். வாத்தியத்துக்குள் ஓநாய் இருக்கிறது என்று ஐரோப்பியக் கலைஞர்கள் பேர் வைத்தார்கள். ராமன் தந்தியின் அதிர்வையும் வாத்தியத்தின் வயிற்றுப் பலகை அதிர்வையும் ஒரே நேரத்தில் புகைப்படமாகப் பதிந்தார். அங்கே நடப்பது ஒரு கொடுக்கல் வாங்கல். தந்தியின் சுரமும் மரப்பெட்டி தானாக அதிர விரும்பும் சுரமும் ஒன்றாகிவிட்டால், பெட்டி தந்தியின் ஆற்றலை வாங்கி வாங்கிப் பெரிதாக அதிர்கிறது. தந்தி இளைக்கிறது. அதை அடக்கி ஆள வில்லின் அழுத்தம் போதாமல் போனதும் தந்தி மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. தீனி இல்லாமல் பெட்டி அடங்குகிறது. தந்தி மீண்டும் கீழ்ச்சுரத்துக்கு இறங்குகிறது. பெட்டி மீண்டும் விழித்துக்கொள்கிறது. நொடிக்குச் சில தடவை இந்த விழிப்பும் உறக்கமும் மாறி மாறி நடப்பதைத்தான் உறுமலாகக் கேட்கிறோம். தந்தி பாடுகிறது, மரம் குறுக்கே பேசுகிறது. ஓர் உடம்பில் இரண்டு குரல் என்று நம் ஊரில் சொல்வோமே, அதன் இயற்பியல் இது.

ஒரே வாத்தியத்தில் இப்படியென்றால், இரண்டு சுரங்களை மோதவிட்டால் என்ன ஆகும்? பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது, அவற்றின் அதிர்வெண் வேறுபாடு எவ்வளவோ அத்தனை தடவை ஒலி ஏறி இறங்கும். 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு மெல்லிய அலை. சுருதி சேர்ப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் முறுக்காணியைத் திருப்புகிறார்கள். 440-ஐ ஸட்ஜமாக வைத்தால் சுத்த ரிஷபம் சுமார் 469. இரண்டும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு 29 துடிப்பு. அலறலின் வாசலில் கால் வைத்துவிட்டோம்.

ஸட்ஜமும் சுத்த ரிஷபமும் யார் வீட்டுச் சுரங்கள்? மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கும் ஒவ்வொரு குழந்தையும் விடியற்காலையில் முதலில் பாடும் இரண்டு சுரங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினால் பாடம். ஒரே நேரத்தில் பல வயலின்கள் பிடித்தால் பேய். ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்துக்குத் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன், குளியலறைக் கொலைக் காட்சியில் செய்தது ஏறக்குறைய இதைத்தான். முரண்படும் சுரங்களை மோதவிட்டு, அழுத்திய வில்லால் கிழிப்பது போல் வாசிக்க வைத்தார். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். கேட்டபின் மனம் மாற்றிக்கொண்டார். இசையில்லாமல் பார்த்தால் அது வெட்டி ஒட்டிய துண்டுக் காட்சிகளாகத்தான் தெரியும். அலறுவது வயலின்.

நம்முடைய பழைய மர்மப்படங்கள் அலறலைவிடப் பாட்டையே அதிகம் நம்பின. 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), 'யார் நீ?' (1966) ஆகிய படங்களை நினைத்துப் பாருங்கள். மூடுபனியில் எங்கிருந்தோ ஒரு பெண்குரல். அதில் கரகரப்பு துளியும் இல்லை, தேனாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் உள்ளங்கை சில்லிடுகிறது? 'எங்கிருந்தோ' என்ற சொல்லில்தான் விடை. ஒலி வலக்காதுக்கும் இடக்காதுக்கும் வந்துசேரும் நேர வேறுபாட்டை வைத்து அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. அந்த வேறுபாடு அதிகபட்சமே 0.7 மில்லிநொடிதான், அதையும் பிரித்தறியும் நுட்பம் நமக்கு உண்டு. ஆனால் எதிரொலி மிகுந்து, நேர் ஒலி குறைந்துவிட்டால் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே குரல் வருவதாகத் தோன்றும். கணக்கு குழம்பும். ஒரு குரல் இருக்கிறது, அதற்கு இடம் இல்லை. இடமில்லாத குரலுக்கு நம் முன்னோர் வைத்த பேர்தானே பேய்.

காதுக்கு எட்டாத ஒலியும் பேயை எழுப்புமா? இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் விக் டாண்டி என்ற பொறியாளர் வேலை பார்த்த ஆய்வகத்தில் பேய் இருப்பதாகப் பேச்சு. ஓர் இரவு தனியாக இருந்தபோது அவருக்கே உடல் வியர்த்துச் சில்லிட்டது. கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்து, திரும்பிப் பார்த்ததும் மறைந்தது. மறுநாள் அவர் தன் வாள்வீச்சுப் போட்டிக்கான வாளைப் பிடிக்கருவியில் மாட்டிச் சரிசெய்ய முயன்றபோது, யாரும் தொடாமலேயே வாள் அதிர்ந்தது. வாளை அறைக்குள் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நடுவில் அதிர்வு அதிகம், ஓரத்தில் இல்லை. புதிதாக மாட்டிய காற்றுப்போக்கி விசிறி அறைக்குள் சுமார் 19 ஹெர்ட்ஸ் நிலையலையை எழுப்பியிருந்தது. மனிதக் காதுக்கு அது எல்லைக்குக் கீழே. விசிறியின் பொருத்தத்தை மாற்றியதும் அலை போயிற்று. 1998-இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

அழகான கதை. அதனாலேயே அதைச் சோதிக்காமல் விடக் கூடாது. லண்டனில் கிறிஸ்டோபர் பிரெஞ்சும் அவருடைய குழுவினரும் ஒரு வெற்று அறையில் கேளா ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் சிலருக்குச் செலுத்தியும் சிலருக்குச் செலுத்தாமலும் 79 பேரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். பலருக்கும் விசித்திர அனுபவம் வந்தது. ஆனால் ஒலி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஏதாவது நேரலாம் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்ததே போதுமாக இருந்திருக்கிறது. கோட்டுகாலுக்குப் பக்கத்து விழிஞ்சம் கடலும் இரவெல்லாம் கேளா ஒலியை எழுப்புகிறது; திறந்த கடலில் எதிரெதிராக வரும் அலைகள் மோதி எழுப்பும் அந்த ஒலி ஐந்து நொடிக்கு ஒரு முறை அளவில் காற்றை மெல்ல அசைத்தபடியே இருக்கும். கரையில் குடியிருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒலி மட்டும் போதாது. அதைக் காத்திருந்து கேட்கும் மனமும் வேண்டும்.

இந்த உண்மையை ஆய்வகம் கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்பே கையில் வைத்திருந்தவர்கள் இந்த மண்ணின் வில்லுப்பாட்டுக்காரர்கள். பாறசாலைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளை தாண்டிக் குமரி மாவட்டத்தில் அது வில்லுப்பாட்டு; இந்தப் பக்கம் மலையாளத்தில் வில்லடிச்சான்பாட்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுக்காக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வந்தது, பாட்டு இரு பக்கமும் கிடந்தது. அந்தப் பாட்டின் பெரிய கதைகளில் ஒன்று கள்ளியங்காட்டு நீலி. ஏமாற்றிக் கொல்லப்பட்ட பெண், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழி தீர்க்க வரும் கதை. இரவு முழுக்கப் பாடப்படும் அந்தக் கதையைப் பேயும் இசையும் சேர்ந்த நம்முடைய முதல் திகில் படம் என்றே சொல்லலாம்.

அந்த மேடையைக் கிட்டே போய்ப் பாருங்கள். முன்னால் நீண்ட வில், அதில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள். பாடுபவர் வீசுகோலால் நாணை அடிக்கும்போது மணிகள் எல்லாம் சேர்ந்து சிலிர்க்கும். பக்கத்தில் மண்குடம், அதன் வாயைத் தட்டையான பத்தியால் அடித்தால் உள்ளிருக்கும் காற்று மொத்தமாக முன்னும் பின்னும் அசைந்து, வயிற்றில் தட்டுவது போன்ற ஆழ்ந்த ஒலி எழும். உடுக்கு, நடுவில் ஒடுங்கியது. இடையில் ஓடும் கயிற்றை விரல்கள் இறுக்க இறுக்கத் தோலின் குரல் மேலேறும், தளர்த்தினால் விம்மி இறங்கும். தாளமும் கட்டையும் கூட உண்டு. காதின் முழு அகலத்தையும், அடிவயிற்று ஒலி முதல் மணியின் கூர் நுனி வரை, ஒரு சின்ன மேடை நிரப்பிவிடுகிறது.

கதை மரணத்தை நெருங்கும்போது பாட்டு முடுகும். உடுக்கு வேகம் பிடிக்கும், குடம் கனக்கும், எல்லாம் கூடிக்கொண்டே வரும். ஒலி கூடுவதும் குறைவதும் ஒரே அளவாக இருந்தாலும், கூடும் ஒலியை மூளை பெரிதுபடுத்தியே கேட்கிறது என்று ஜான் நியூஹாஃப் 1998-இல் காட்டினார். கூடும் ஒலி என்றால் நெருங்கி வரும் ஏதோ ஒன்று. நெருங்கி வருவதைச் சற்று மிகையாகக் கணிப்பவன் பிழைத்துக்கொள்வான். குமரி மண்ணின் வில்லுப்பாட்டை ஆழமாக ஆராய்ந்து 1988-இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வங்களின் பிறப்பைப் பாடும் கதைகளைவிட, கொலையுண்டவர்களின் மரணத்தைப் பாடும் கட்டங்களில்தான் சாமியாட்டம் அதிகம் நிகழ்கிறது என்பதைக் கவனித்தார். கோயில் கொடை விழாவில் தெய்வத்தை அழைப்பதற்குக் குடியழைப்பு என்றே பேர். வில்லடித்துக் கூப்பிடுகிறார்கள், வருகிறது. வயலினின் வில்லுக்கும் இந்த வில்லுக்கும் தமிழில் ஒரே சொல்தான். இரண்டும் செய்யும் வேலை ஒன்றாகவே இருப்பதைப் பார்க்கும்போது சிலிர்க்கிறது.

பேய் எந்த மொழியில் பேசுகிறது என்பதும் இதில் ஒரு பங்கு. பேயும் இசையும் சேர்ந்த கதைகளில் மிகப் புகழ்பெற்ற 'மணிச்சித்திரத்தாழ்' (1993) மலையாளப் படத்தின் சில காட்சிகள் இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. எம்.ஜி.ராதாகிருஷ்ணன் அதில் ஆகிரி ராகத்தைத் துணிந்து கையாண்டார். பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பாடகர்கள் ஒதுக்கி வைத்த ராகம் அது. படத்தின் நாகவல்லி தஞ்சாவூர் நடனக்காரி, தமிழ் பேசும் பேய். அதே கதை தமிழில் 'சந்திரமுகி' (2005) ஆனபோது பேய் தெலுங்கு பேசிற்று. இந்தியில் 'பூல் புலையா' (2007) ஆனபோது வங்காளம் பேசிற்று. எந்த ஊரிலும் பேய்க்குப் பக்கத்து வீட்டு மொழிதான். நன்கு தெரிந்த முகத்திலிருந்து, பாதி மட்டும் புரியும் மொழி வந்தால் அடுத்து என்ன வரும் என்ற மூளையின் கணிப்பு தடுமாறுகிறது. ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் நாகவல்லி பேசியது புரியாத மொழியில்லை. அடுக்களையில் புழங்கும் மொழி. அவள் அழுதது இங்குள்ளவர்களுக்கு உரை வேண்டாமலேயே புரிந்திருக்கும். புரிந்துவிட்ட பேய் பாதிதான் பயமுறுத்தும். மீதிப் பாதி மனதைப் பிசையும்.

புளூம்ஸ்டீனும் நண்பர்களும் 2012-இல் இன்னொரு சோதனை செய்தார்கள். இனிய இசைத் துணுக்குகளில் வேண்டுமென்றே கரகரப்பைச் சேர்த்துக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்கள் படபடப்பும் கசப்பும் கூடியதாகச் சொன்னார்கள். அதே இசையை, ஒருவர் காபி குடிப்பது போன்ற சாதாரணக் காட்சிகளோடு சேர்த்துக் காட்டியபோது படபடப்பு அடங்கிவிட்டது. ஏதோ ஒரு சோகச்சாயல் மட்டும் எஞ்சியது. ஒலி கதவைத் தட்டுகிறது. வந்திருப்பது யார் என்பதைக் கதைதான் சொல்கிறது. ஆகவேதான் நீலியை எழுப்பிய அதே உடுக்கும் குடமும் விடிவதற்குள் வாழி பாடி முடிக்கின்றன. பழிவாங்க வந்தவள் குழந்தையை ஏந்திய இசக்கியம்மனாக ஊரைக் காத்து நிற்கிறாள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அவள் முன்னால் தொட்டில் கட்டுகிறார்கள்.

திண்ணைக்கு வருகிறேன். குழந்தை தூங்கியதும் நண்பர் சத்தத்தைக் கொஞ்சமாகக் கூட்டி வைத்தார். வயலின் திரும்ப வந்தது. தோள்கள் திரும்ப இறுகின. படம் போகப் போக, நாயகனைத் துரத்த வந்ததாக நினைத்த அந்தப் பெண் உண்மையில் அவனைக் காத்து நிற்கிறாள் என்று தெரியவந்தது. வில் இப்போதும் அதே தந்திமேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் மட்டும் குறைந்திருந்தது. படம் முடிந்து திரை இருண்டது. யாரும் பேசவில்லை. மழை விட்டிருந்ததால் கடல் கேட்டது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பேயின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காத ஆச்சி இருட்டிலிருந்து சொன்னார்:

"பாவம் மக்ளே, அந்தப் புள்ள."